இரண்டு கணக்குப்பிள்ளைகள்

கதை எழுதுகிறவனுக்கும் கணக்குக்கும் ஜன்மப் பகை என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. என் விஷயத்தில் அது முழுப் பொய்யல்ல. கல்லூரிப் படிப்பைப் பாதி வழியில் விட்டு வந்ததற்கு நான் வெளியே சொல்லுகிற காரணங்கள் பல. உள்ளே இருக்கிற காரணம் கணக்குப் பாடம். ஆனாலும் இந்தக் கட்டுரை கணக்கைப் பற்றியதுதான். நாள்தோறும் காலையில் காபியோடு நாம் படிக்கிற பத்திரிகையின் காரியாலயத்துக்குள் சில வருஷங்களாகக் கணக்குப்பிள்ளைகள் இருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பத்திரிகையின் முகத்தையும் குணத்தையும் அவர்கள் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் உலகத்தை எண்ணுகிறவர். மற்றவர் வாசகனை எண்ணுகிறவர். இருவர் முன்னாலும் ஒரே மாதிரியான கம்ப்யூட்டர்தான். இருவர் வேலைக்கும் 'டேட்டா' என்ற ஒரே பெயர்தான். தமிழில் 'தரவு' என்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரும் ஒரே ஆள் என்று நாம் நினைத்துவிடக்கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

உலகத்தை எண்ணுகிற கணக்குப்பிள்ளை நேற்றுப் பிறந்தவரல்ல. 1821-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி இங்கிலாந்தில் 'மான்செஸ்டர் கார்டியன்' பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. அதில் ஓர் அட்டவணை இருந்தது. ஊரில் உள்ள பள்ளிக்கூடங்களின் பெயர், ஒவ்வொன்றிலும் படிக்கிற பிள்ளைகள் எத்தனை, ஆகிற செலவு எவ்வளவு, அவ்வளவுதான். ஏழைப் பிள்ளைகள் எண்ணாயிரம் பேர் இலவசமாகப் படிக்கிறார்கள் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய 25,000 பேர் என்று காட்டியது அந்த அட்டவணை. எழுதியவர் ஆவேசமாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தார், அச்சிட்டார்.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த கே. நாகராஜ், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிட்டு வந்த தற்கொலைக் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தார். அவர் கண்டதை 2007 நவம்பரில் பி. சாய்நாத் 'தி ஹிந்து'வில் எழுதினார். 1997 முதல் 2005 வரை ஒன்பது வருஷங்களில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நாடு அப்போது தெரிந்துகொண்டது. இதில் எனக்கு வியப்பாக இருப்பது ஒன்றுதான். அந்த எண்கள் ரகசியமானவையே அல்ல. சர்க்கார் தானே அச்சிட்டு, தானே விலைக்கு வைத்திருந்த புத்தகங்களில் இருந்தவை. புரட்டிப் பார்த்துக் கூட்டுவதற்கு ஆள் இல்லாமல் அவை அங்கேயே கிடந்தன.

பிறகு நடந்தது இன்னும் சுவையானது. 2013-ஆம் வருஷக் கணக்கில் தற்கொலை செய்துகொண்ட விவசாயிகள் 11,772 பேர். 2014-ஆம் வருஷக் கணக்கில் 5,650 பேர். ஒரே வருஷத்தில் பாதியாகக் குறைந்துவிட்டது! எது மாறியது? அட்டவணையின் கட்டம் மாறியது. அந்த வருஷம் விவசாயி என்று ஒரு கட்டமும், விவசாயத் தொழிலாளி என்று இன்னொரு கட்டமும் போட்டுவிட்டார்கள். இரண்டாவது கட்டத்தில் 6,710 பேர். இரண்டையும் கூட்டினால் 12,360. முதல் கட்டத்தை மட்டும் படிக்கிற நிருபர், 'விவசாயிகள் தற்கொலை பாதியாகக் குறைந்தது' என்று தலைப்புப் போட்டுவிட்டுப் போய்விடலாம். கட்டங்களைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் காரியாலயத்தில் இருந்தால் அந்தத் தலைப்பு அச்சேறாது. கணக்குப்பிள்ளையின் உத்தியோகம் அதுதான்.

இதையெல்லாம் முன்பே நான் அரைகுறையாகப் படித்திருந்தேன். எண் எங்கே பிறக்கிறது, எங்கே வழி தவறிப் போகிறது என்பதை 2021-ஆம் வருஷம் மே மாதம் எங்கள் குடும்பத்திலேயே பார்த்தேன்.

எங்கள் கோச்சடை வைகைக் கரை ஊர். ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்து, இப்போது மதுரை மாநகராட்சிக்குள் அடங்கி, மேலக்கால் ரோட்டின் இரண்டு பக்கமும் வீடாகிவிட்டது. இரண்டு தெரு தள்ளி என் அத்தை இருக்கிறாள். அவள் கணவர், என் மாமா, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். அந்த மே மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கொரோனா என்று பரிசோதனை சொல்லிற்று. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினாலாம் நாள் மறுபடி பரிசோதனை செய்தபோது நோய் இல்லை என்று வந்தது. பதினாறாம் நாள் போய்விட்டார். மாரடைப்பு என்று காரணம் எழுதிக் கொடுத்தார்கள். தத்தனேரி மயானத்தில் எங்கள் முறை வரும்வரை நாலைந்து பேர் விலகி விலகி நின்றுகொண்டிருந்தோம். மாமாவுக்குச் சொந்தம் முந்நூறு பேருக்குக் குறையாது.

மூன்றாம் நாள் அத்தை பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏப்பா, மதுரைல நேத்து இத்தன பேரு, முந்தாநாளு இத்தன பேருன்னு போட்டுருக்கான்ல, அதுல உங்க மாமா இருக்காகளா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாத்துச் சொல்றேன் அத்தை" என்றேன்.

"பாரு. நாப்பது வருசமா அந்தப் பேப்பரப் படிச்ச மனுசன்."

அத்தைக்குப் பதில் சொல்வதற்காகத்தான் அந்தக் கணக்கு எப்படித் தயாராகிறது என்று நான் விசாரிக்கத் தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் எழுதுகிற காரணம், அங்கிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து சாயங்கால அறிக்கைக்கு என்று அது நடந்துபோகிறது. வீட்டிலேயே இறந்தவர், பரிசோதனை செய்துகொள்ளாமல் இறந்தவர், நோய் நீங்கிவிட்டது என்று காகிதம் வந்தபின் இறந்தவர் ஆகியோர் வழியில் ஒவ்வோர் இடத்தில் இறங்கிவிடுகிறார்கள். நிருபர்கள் பாவம், சாயங்கால அறிக்கையில் வந்த எண்ணை மறுநாள் காலை நம்மிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு நூற்றாண்டுப் பழக்கம் அது. அதிகாரியைக் கேட்பது, அவர் சொன்னதை எழுதுவது.

ஆனால் ஊரில் இன்னொரு புத்தகமும் இருக்கிறது. 1969-ஆம் வருஷச் சட்டப்படி, பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மாநகராட்சியிலும் ஊராட்சியிலும் இருக்கிற அந்தப் பதிவேடு, எதனால் செத்தார் என்று அதிகம் துருவுவதில்லை. இந்தியாவில் பதிவாகிற சாவுகளில், மருத்துவர் காரணம் எழுதிச் சான்று தருவது 2020-இல்கூட ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். ஆனால் இன்னார் இறந்தார் என்பதை மட்டும் அது விடாமல் எழுதி வைக்கும். சொத்துக்கும் பென்ஷனுக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டியிருப்பதால் ஜனங்களும் தேடிப் போய்ப் பதிவு செய்வார்கள். வழக்கமாக ஒரு மாதத்தில் நூறு சாவு பதிவாகிற ஊரில் ஒரு மாதம் திடீரென்று இருநூற்றைம்பது பதிவானால், அதிகப்படியான நூற்றைம்பது பேருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று சொல்ல டாக்டர் பட்டம் தேவையில்லை. போன வருஷத்துப் பதிவேட்டையும் இந்த வருஷத்துப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பொறுமை இருந்தால் போதும்.

அந்தப் பொறுமை நம் பத்திரிகைகளுக்கு வந்தது. 2020 ஜூன் மாதத்திலேயே, சென்னை மாநகராட்சியின் பதிவேட்டில் இருக்கிற கொரோனாச் சாவுகள் பல மாநிலத்தின் பட்டியலில் இல்லை என்பதைப் பத்திரிகைகள் எழுதின. ஒரு குழு போட்டுப் பார்த்தார்கள். ஜூலை 22-ஆம் தேதி, விட்டுப்போன 444 பேரை ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தார்கள். அடுத்த வருஷம் குஜராத்தில் இன்னும் கடுமையாக நடந்தது. 'சந்தேஷ்' பத்திரிகையின் நிருபர்கள் ஆமதாபாத்தில் பிணவறை வாசலில் இரவு முழுவதும் நின்று, வெளியே வருகிற உடல்களை எண்ணினார்கள். 'திவ்ய பாஸ்கர்' என்ற பத்திரிகை, 2021 மார்ச் 1 முதல் மே 10 வரை மாநிலத்தில் கொடுக்கப்பட்ட மரணச் சான்றிதழ்களை எண்ணியது. 1,23,000-க்கு மேல். முந்தின வருஷம் அதே நாட்களில் சுமார் 58,000. அந்த எழுபத்தொரு நாளில் கொரோனாவால் இறந்தவர்கள் என்று சர்க்கார் சொன்ன கணக்கோ 4,218. இந்தியா முழுவதற்குமாக 2020, 2021 இரண்டு வருஷங்களில் வழக்கத்தை மீறி 47 லட்சம் பேர் இறந்திருக்கக் கூடும் என்று 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நம் சர்க்கார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சர்க்காரின் கணக்கில் அந்த இரண்டு வருஷத்துக்கு ஐந்து லட்சம்கூட ஆகவில்லை.

2021 ஜூன் 30-ஆம் தேதி, இறந்தவர்களின் குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. பரிசோதனையில் நோய் தெரிந்த முப்பது நாட்களுக்குள் இறந்தவர்களைக் கொரோனாக் கணக்கில் சேர்க்கலாம் என்று செப்டம்பரில் விதி வந்தது. இதற்குப் பத்திரிகைகள் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். வழக்குத் தொடுத்தவர்கள் காரணம், வாதாடியவர்கள் காரணம். ஆனால் அந்தச் சமயத்தில் காற்றில் இருந்த கேள்வியைப் பத்திரிகைகளின் கணக்கும் சேர்ந்துதான் எழுப்பியிருந்தது. அத்தை விண்ணப்பம் போட்டாள். மாவட்டக் குழு காகிதங்களைப் பார்த்துச் சம்மதித்தது. ஐம்பதாயிரம் ரூபாய் வந்தபோது அதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. "அப்ப உங்க மாமா கணக்குல வந்துட்டாக" என்று மட்டும் சொன்னாள்.

முதல் கணக்குப்பிள்ளை செய்த உபகாரம் இவ்வளவு பெரியது. அவர் வந்தபின் பத்திரிகைக் காரியாலயத்தின் பழக்கங்களே மாறுகின்றன. அதிகாரி என்ன சொன்னார் என்று கேட்டுவந்த நிருபர், இப்போது அதிகாரியின் பதிவேடு என்ன சொல்கிறது என்று கேட்கிறார். தனியாகத் துப்பறிந்து தனியாகப் பெயர் வாங்கியவர்கள், புள்ளியியல் படித்தவரோடும் கம்ப்யூட்டர் எழுதத் தெரிந்தவரோடும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கிறது. தேர்தல் பத்திரங்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் பூனம் அகர்வால் என்ற நிருபர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை விலைக்கு வாங்கிப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார். கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று அதில் இருக்கிறது, புற ஊதா ஒளியில் மட்டும் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். ஆறு வருஷம் கழித்து, 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. மார்ச் 14-ஆம் தேதி வெளிவந்த பட்டியல்களில் வாங்கியவர் ஒரு பக்கம், வாங்கிக்கொண்ட கட்சி ஒரு பக்கம். நடுவில் பாலம் இல்லை. நீதிமன்றம் மறுபடி கேட்டபின், 21-ஆம் தேதி எண்களும் வந்தன. அன்றிரவே பத்திரிகைக்காரர்கள் எண்ணோடு எண் பொருத்தி, யார் பணம் யாருக்குப் போயிற்று என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த 'பியூச்சர் கேமிங்' என்ற லாட்டரிக் கம்பெனி 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் நின்றது. பல பத்திரிகைகளின் நிருபர்கள் போட்டியை மறந்து ஒன்றுசேர்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். நம் பத்திரிகை உலகத்தில் இது அடிக்கடி காணக்கூடிய காட்சியல்ல.

இனி இரண்டாவது கணக்குப்பிள்ளை.

வாசகனை எண்ணுவதும் புதிதல்ல என்று சொல்லிவிட வேண்டும். 1942-இல் சி. பா. ஆதித்தனார் இதே மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கியபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனையும் வாசகனாக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் தொடங்கினார். எந்தப் பத்திரிகை எத்தனை பிரதி விற்கிறது என்று தணிக்கை செய்து சொல்ல 1948-லேயே இந்தியாவில் ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. ஆனால் அன்றைய ஆசிரியருக்குப் பிரதி எத்தனை என்று தெரியுமே தவிர, எந்தப் பக்கத்தை யார் படித்தார் என்று தெரியாது. விளையாட்டுச் செய்திக்காக வாங்கினவனும், ராசி பலனுக்காக வாங்கினவளும், தலையங்கத்துக்காக வாங்கின நம் மாமாவும் ஒரே பிரதிதான். அந்த அறியாமை ஆசிரியருக்கு ஒரு சுதந்திரத்தைக் கொடுத்தது. யாரும் படிக்காவிட்டாலும் இது வர வேண்டும் என்று அவர் ஒன்றைப் போடலாம். யாரும் படிக்கவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் மகள் புள்ளியியல் படித்தவள். சென்னையில் ஒரு பத்திரிகையின் தரவுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவளிடம் கேட்டேன்.

"எங்க ஆபீஸ்ல சுவத்துல பெரிய டி.வி. மாதிரி ஒண்ணு இருக்கு, சித்தப்பா. எந்தச் செய்திய இந்த நிமிசம் எத்தன பேரு படிக்கிறாங்கன்னு ஓடிக்கிட்டே இருக்கும், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி."

"எல்லாரும் அதைப் பாப்பீங்களாம்மா?"

"பாக்க மாட்டோம்னு சொல்லிக்குவோம். பாத்துக்கிட்டேதான் இருப்போம்."

அவளும் இன்னும் இருவரும் மூன்று மாதம் உழைத்து, தென் மாவட்டங்களில் நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து வெளியிட்டிருந்தார்கள். அது வெளியான அன்று ஒரு நடிகையின் கல்யாணம். சுவரில் அவர்கள் கட்டுரை மேலே வரவேயில்லை; மத்தியானத்துக்குள் முகப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"அப்ப யாருமே படிக்கலையா?"

"படிச்சாங்க சித்தப்பா. ஒரு பஞ்சாயத்துத் தலைவர் போன் பண்ணுனாரு. எங்க ஊர்க் கணக்க மட்டும் தனியா அனுப்புங்கம்மா, கலெக்டர்கிட்ட குடுக்கணும்னு கேட்டாரு. அனுப்புனேன்."

அந்தப் பஞ்சாயத்துத் தலைவரைச் சுவரிலிருக்கிற பெட்டி எப்படி எண்ணியிருக்கும்? ஒன்று. கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்த ஒவ்வொருவரும் அதே ஒன்று. முதல் கணக்குப்பிள்ளையின் கணக்கில் இந்தப் பிழை வந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாவது கணக்குப்பிள்ளையின் கணக்கில் இது பிழையாகவே கருதப்படுவதில்லை.

எனக்கும் அவரோடு சிறு பழக்கம் உண்டு. என் தொடர்கதை ஒன்றை இணையத்தில் வெளியிட்ட பத்திரிகையிலிருந்து ஓர் இளைஞர் பேசினார். "மூணாவது பாராவுல நிறையப் பேர் இறங்கிடறாங்க சார். அந்தச் சாவை முதல் பாராவுக்குக் கொண்டுவந்துட்டா நல்லா இருக்கும்" என்றார். "தம்பி, மூன்று பாராவாவது அந்த மனுஷன் உயிரோடு இருந்தால்தானே அவன் செத்தால் யாராவது வருத்தப்படுவார்கள்?" என்றேன். அவர் சிரித்தார். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னார். அவரைக் கோபித்துப் பயனில்லை. அவர் மேஜையில் அந்த எண் மட்டும்தான் இருக்கிறது.

எண்ணப்படுகிற வாசகர்களும் சரியாக எண்ணப்படுகிறார்களா என்றால், அதுவும் சந்தேகம். ஏறக்குறைய இருபது கோடி வீட்டில் டெலிவிஷன் இருந்த நாட்டில், யார் எதைப் பார்க்கிறார்கள் என்று 2020-இல் 44,000 வீடுகளில் கருவி வைத்துத் தீர்மானித்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில், சில வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சானல்களை ஓடவிடச் சொன்னார்கள் என்று பம்பாயில் போலீஸ் புகார் எழுந்தது. செய்திச் சானல்களின் கணக்கை நிறுத்தி வைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் மறுபடி தொடங்கினார்கள். கணக்கு இல்லாத அந்த ஒன்றரை வருஷமும் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டாவது கணக்குப்பிள்ளையை வேலையை விட்டு அனுப்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விளம்பரக்காரர் அவரைக் கேட்டுத்தான் பணம் தருகிறார். அந்தப் பணத்தில்தான் முதல்வருக்குச் சம்பளம். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பதிவேட்டோடு மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குச் சம்பளம் தரலாமா வேண்டாமா என்பதைச் சுவரிலிருக்கிற பெட்டி முடிவு செய்ய ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் காரியாலயத்தில் ஒரு கணக்குப்பிள்ளைதான் மிஞ்சுவார். அப்போது மறுபடி சாயங்கால அறிக்கையை வாங்கிக் காலையில் அச்சிடுவோம். இன்னொரு தொற்று வரும்போது, யாராவது ஓர் அத்தை பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து கேட்டால், பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது.

இதில் வாசகர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. நாம் ஒவ்வொருவரும் அந்தச் சுவரில் ஓர் எண். எதில் நின்று படிக்கிறோம், எதைத் தாண்டிப் போகிறோம் என்பதை அங்கே ஒருவர் குறித்துக்கொண்டிருக்கிறார். ஆகையால் நாளைக்குப் பத்திரிகையில் ஓர் அட்டவணை வந்தால், கதை எழுதுகிறவன் கேட்டுக்கொள்கிறேன், தாண்டிப் போகாதீர்கள். இதை யார் எண்ணினார்கள், யாரை எண்ணாமல் விட்டார்கள் என்று கீழே சிறிய எழுத்திலாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாமலிருந்தால் ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிக் கேளுங்கள். மின்னஞ்சலானாலும் சரிதான்.